பாளையங்கோட்டையில் வாடகைக்குக் கிடைக்கும் விண்வெளி உடை

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள ஒரு சந்தில், பள்ளி விழாக்களுக்கு வேண்டிய வேடங்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கடையின் வாசலைப் பலமுறை கடந்திருந்தாலும் உள்ளே போகும் தேவை சென்ற ஆகஸ்டில்தான் வந்தது. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23-ஐ நினைவுகூர்ந்து அந்த நாளைத் தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடுகிறார்கள் அல்லவா? அதையொட்டிப் பள்ளியில் நடந்த மாறுவேடப் போட்டிக்கு, நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேரன் வீட்டில் ஒருவரையும் கேட்காமல் 'விண்வெளி வீரர்' என்று பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அவன் ஆச்சி, வீட்டில் கறுப்புக் கோட்டு இருக்கிறது, பாரதியாராகப் போனால் செலவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். விண்வெளி நாளுக்குப் பாரதியார் எதற்கு என்று அவன் கேட்ட கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

கடை பத்துக்குப் பன்னிரண்டடி இருக்கும். ஒருபுறம் கட்டபொம்மன் உடைகள், மறுபுறம் முருகனின் வேலும் மயில்தோகையும், நடுவே கூரையிலிருந்து தொங்கும் மூன்று வெள்ளை விண்வெளி உடைகள். ஒரு நாள் வாடகை 450 ரூபாய், முன்பணம் 1000 ரூபாய், மறுநாள் மாலை ஆறு மணிக்குள் திருப்பித் தர வேண்டும். ரசீது தருகிறார்கள், உடை துவைத்திருந்தது, சொன்ன நேரத்துக்குக் கடை திறந்திருந்தது. சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இனி நான் எழுதப்போவது உடையைப் பற்றி. அசல் விண்வெளி உடை எதற்காக எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதை மதிப்பிட என்னால் முடியவில்லை. வாத்தியார் புத்தி என்று வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தையல். கடைக்காரரே தையற்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்த அண்ணாச்சி, தடித்த சாட்டின் துணிக்குள் மெல்லிய ஃபோம் வைத்து, தோளிலும் முழங்காலிலும் வரிவரியாக மடிப்பெடுத்துத் தைத்திருக்கிறார். தையலைத் திருப்பிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்குப் பத்துக்குக் குறையாமல் சீரான தையல், எங்கும் நூல் தொங்கவில்லை. வாடகைக் கடையில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னேன்: 1969-இல் நிலவில் நடந்தவர்கள் அணிந்த உடைகளைத் தைத்ததும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பெண்களே. பெண்களுக்கான உள்ளாடைகளுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் கிளைதான் அந்த ஒப்பந்தத்தை வென்றது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தையல் விலகக் கூடாது என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட அளவு. அடுக்குகளுக்குள் குண்டூசி எதுவும் மறந்துபோய்க் கிடக்கிறதா என்று உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அண்ணாச்சி தம் வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 2025 ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலையில் திரும்பிய நம் சுபான்ஷு சுக்லாவின் படம். "இவரு முதுகுல பெட்டியே இல்லையே சார்வாள். நான் பெட்டி வச்சது தப்போ? நீங்க என்ன சொல்லுதீய?" என்று கேட்டார். நல்ல கேள்வி, படித்தவர்கள் பலருக்கும் இந்த வேறுபாடு தெரியாது. விண்வெளி உடை என்ற ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு தனித்தனி உடைகளை. ஒன்று, கலத்துக்குள் உட்கார்ந்து புறப்படும்போதும் திரும்பும்போதும் அணிவது. அது மெலிந்தது, ஆக்சிஜனும் குளிர்காற்றும் இருக்கையோடு இணைந்த குழாய் வழியே வரும், கலத்தில் காற்றுக் கசிவு ஏற்பட்டால் மட்டுமே அதற்கு வேலை. சுக்லா அணிந்திருந்தது அதுதான். 1984-இல் ராகேஷ் சர்மா அணிந்ததும் அந்த வகையே. மற்றொன்று, கலத்தைவிட்டு வெளியே போய் வேலை செய்வதற்கானது. மனிதன் உயிரோடிருக்க வேண்டிய அத்தனையையும் முதுகில் சுமந்துகொண்டு போகும் அந்த உடை, உடை என்பதைவிட ஆள் உருவத்தில் செய்த சிறு விண்கலம் என்பதே பொருந்தும்.

உள்ளே இருக்கும்போது உடை எதற்கு என்ற அலட்சியத்துக்கு ரஷ்யர்கள் கொடுத்த விலை பெரிது. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 கலம் பூமிக்குத் திரும்பியபோது, தானாகத் திறந்துகொண்ட ஒரு வால்வின் வழியே உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறி, தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் ஆகிய மூவரும் இறந்துபோனார்கள். மூன்று பேர் உட்கார வேண்டியிருந்ததால் உடைக்கு இடமில்லாமல் சாதாரணச் சட்டையோடு போயிருந்தார்கள். கலம் சேதமில்லாமல் தரையிறங்கியது. கதவைத் திறந்தவர்கள் கண்டவை உடல்களே. அதன் பிறகுதான் 'சோகோல்' என்ற உடை கட்டாயமாயிற்று. உடைக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் மூவருக்குப் பதில் இருவரையே அனுப்பினார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பெட்டியை எடுக்க வேண்டாம், உங்களுடையது வெளியே நடப்பவருக்கான உடை என்று அண்ணாச்சியைத் தேற்றினேன்.

இனி உடம்புப் பகுதி. அண்ணாச்சியின் உடையில் ஃபோம் திணித்து ஊதிப் பெருத்த தோற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறார். அசல் உடை பெருத்திருப்பதற்குக் காரணம் உள்ளே அடைத்த காற்று. இங்கே நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று மண்டலம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் இல்லாத இடத்தில் உடல் வெப்பநிலையிலேயே நீர் கொதிக்கும். 1966-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், காற்று நீக்கப்பட்ட அறைக்குள் உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க் என்பவரின் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடிகளில் நினைவிழந்தார். உடனே அறைக்குள் காற்றைச் செலுத்தியதால் பிழைத்தார். நாக்கின் மேலிருந்த எச்சில் கொதிக்கத் தொடங்கியதே கடைசியாகத் தம் நினைவில் நின்றது என்று பின்னாளில் சொன்னார்.

ஆகவே வெளியே காப்பதற்கு முன்னால், உள்ளே காற்றைப் பிடித்து வைப்பதே உடையின் முதல் வேலை. அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர் எவரும் உடனே புரிந்துகொள்வார். நிலையத்தில் பயன்படும் அமெரிக்க உடையில் 14 அடுக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்று யூரித்தேன் பூசிய நைலானாலான காற்றுப்பை. இது டியூப். வெறும் டியூபில் காற்றடித்தால் அது பருத்துக்கொண்டே போகும். அதற்கு மேல் டேக்ரான் துணியாலான இழுத்துப் பிடிக்கும் அடுக்கு ஒன்று இருக்கிறது. இது டயர். மார்புப் பகுதி மட்டும் துணியால் ஆனதில்லை. கண்ணாடியிழையில் வார்த்த ஓடு. உள்ளே நிரப்பப்படுவது தூய ஆக்சிஜன். அழுத்தம் கடல்மட்டத்தில் நாம் உணர்வதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 30 கிலோபாஸ்கல். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், இந்தக் குறைந்த அழுத்தத்திலும் நுரையீரலுக்குப் பற்றாக்குறை வருவதில்லை.

அழுத்தத்தைக் குறைத்து வைப்பதற்குக் காரணம் சிக்கனம் என்று நினைத்துவிடக் கூடாது. முழு அழுத்தத்தில் காற்றடித்தால் உடை மரக்கட்டையாகிவிடும். கையை மடக்கவே முடியாது. மூன்றில் ஒரு பங்கிலேகூட, உள்ளங்கை அகலத்துக்கு, நூறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோ எடையின் விசை வெளியே தள்ளுகிறது. 1965 மார்ச் 18 அன்று கலத்தைவிட்டு வெளியே வந்து முதன்முதலாக விண்வெளியில் மிதந்த சோவியத் வீரர் அலெக்சி லியோனவ் அங்கே இருந்தது பன்னிரண்டு நிமிடம். அதற்குள் உடை உப்பி, கைவிரல்கள் கையுறையைவிட்டும் பாதங்கள் காலணியைவிட்டும் விலகிவிட்டன. திரும்பி நுழைய முடியாமல், ஒரு வால்வைத் திறந்து உடையின் அழுத்தத்தைத் தாமே குறைத்துக்கொண்டுதான் உள்ளே புகுந்தார். அண்ணாச்சி அழகுக்காக முழங்கையில் வைத்த மடிப்புகள் அசல் உடையில் உயிர்நாடி. துருத்தியின் மடிப்புப்போல, ஒருபக்கம் சுருங்கும்போது மறுபக்கம் விரிந்து, உள்ளிருக்கும் காற்றின் கன அளவு மாறாமல் பார்த்துக்கொள்வதால்தான் மூட்டு மடங்குகிறது. தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சுழல்வதற்குப் பேரிங் வளையங்கள் உண்டு. கடை உடையில் அந்த இடத்தில் வெள்ளி நிற நாடா ஒட்டியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கக் குறையில்லை.

கையுறை மோசம். ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் போடும் பெரியவர் அளவுக் கையுறைக்கு வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள். மேடையில் ஏறிய பேரன் கையிலிருந்த சிறு தேசியக்கொடியை இரண்டு முறை நழுவவிட்டான். ஆனால் இதைக் குறை என்பதா, உண்மைக்கு நெருக்கம் என்பதா என்று எனக்கே தடுமாற்றம். அசல் உடையிலும் மிகக் கடினமான பாகம் கையுறைதான். ஆறேழு மணி நேரம் காற்றடித்த கையுறைக்குள் விரலை மடக்கி மடக்கித் திருகாணி முடுக்கியதில் நகத்தை இழந்த வீரர்கள் இருக்கிறார்கள். நிழல் பக்கம் போனால் விரல்நுனி விறைத்துப்போகும் என்பதால் அங்கே சிறு வெப்பமூட்டிகளும் வைத்திருக்கிறார்கள்.

முதுகுப் பெட்டியைத் திறந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளி வண்ணம் பூசிய இரண்டு சோடா பாட்டில்கள்! வேடத்துக்கு இது போதும். இருந்தாலும் சோடா பாட்டில் என்றதும் சொல்லாமல் விட மனமில்லாத விஷயம் ஒன்று உண்டு. மூடிய சோடாவில் குமிழி தெரிவதில்லை. திறந்து அழுத்தம் குறைந்ததும் பொங்குகிறது. நம் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் அப்படித்தான் கரைந்திருக்கிறது. நிலையத்துக்குள் இங்குள்ள அளவே அழுத்தம். உடைக்குள் அதில் மூன்றிலொரு பங்கு. நேரே உடைக்குள் புகுந்து அழுத்தத்தைக் குறைத்தால் மூட்டுகளில் நைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, காற்று உருளையோடு ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வந்தவருக்கு வரும் அதே வாதை வரும். அதனால் வெளியே போவதற்கு முன்பு நெடுநேரம் தூய ஆக்சிஜனை மட்டும் சுவாசித்து, உடம்பிலுள்ள நைட்ரஜனை வெளியேற்றிவிடுகிறார்கள். பெட்டிக்குள் ஆக்சிஜன் உருளைகள் தவிர, வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் கலம், மின்விசிறி, மின்கலம், வானொலி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. உடையில் சிறு துளை விழுந்தாலும் உள்ளே ஓடி வர அவகாசம் கிடைக்கும்படி, அரைமணி நேரத்துக்கான அவசர ஆக்சிஜன் தனியாக இருக்கிறது.

துளை விழுமா என்று பேரன் கேட்டான். விழலாம். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் இடத்தில், மணல் அளவுத் துகளும் தோட்டாதான். வெளி அடுக்கில் குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழையும் தீப்பிடிக்காத நோமெக்ஸ் இழையும் கலந்து நெய்திருப்பது அதற்காகவே. அதற்கடியில் அலுமினியம் பூசிய மைலார் படலங்கள் பல. இவை வெயிலையும் குளிரையும் தடுப்பவை. நேர்வெயில் படும் பரப்பு 120 டிகிரி செல்சியஸ் வரை சுடும். நிழலில் அது உறைநிலைக்குக் கீழே 150 டிகிரிக்கும் போகும். நிலையம் தொண்ணூறு நிமிடத்துக்கொருமுறை பூமியைச் சுற்றுவதால், ஒரே வேலை நேரத்தில் பல பகல்களும் பல இரவுகளும் வந்து போகும். கதிர்வீச்சு விஷயத்தில் மட்டும் உடையால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

தலைக்கவசத்தின் முன்னால் அண்ணாச்சி பொன்னிற ஜிகினாத்தாள் ஒட்டியிருக்கிறார். அசலில் அது தங்கமேதான். பார்வை ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தங்கப் பூச்சு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஓரளவு உள்ளேவிட்டு அகச்சிவப்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஜிகினாத்தாள் எதையும் திருப்பி அனுப்பவில்லை. அதோடு, அந்தப் பிளாஸ்டிக் கவசத்தில் காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை. நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இதுதான்.

போட்டி பிற்பகல் இரண்டு மணிக்கு. ஆடி முடிந்தும் வெயில் தணியாத நாள். பள்ளி அரங்கில் மின்விசிறிகள் சுடுகாற்றைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தன. வரிசையில் பேரனுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள். அவன் கவசத்தைக் கழற்ற மறுத்துவிட்டான். கால்மணி நேரம் ஆகியிருக்காது. கவசத்தின் உட்புறம் வெள்ளையாய்ப் பனி படர்ந்து முகம் மறைந்துவிட்டது. "தாத்தா, உள்ள அவிச்சலா இருக்கு" என்ற குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கழற்றப் போனால் கழுத்து வளையத்தின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த ஓர் ஆசிரியை கத்தரிக்கோலோடு ஓடி வந்து நாடாவை வெட்டி எடுத்தபோது, அவன் முகம் சிவந்து, முடி நனைந்து ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் கொடுத்து, உடையின் மேற்பகுதியை இறக்கிவிட்டு, விசிறியடியில் உட்கார வைத்தோம். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டான்; கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையும் ஏறினான். ஆறுதல் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, நிலாவில் வடை சுடும் பாட்டியாக வந்த ஒரு சிறுமிக்கு. அந்தப் பாட்டி விண்வெளி உடை எதுவும் அணியாமல் நூற்றாண்டுகளாக அங்கே நலமாக இருக்கிறாள் என்று நடுவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது.

பேரனுக்கு நேர்ந்ததுதான் 1966 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஜெமினி 9 விண்கலத்தில் போன யூஜின் செர்னனுக்கும் நேர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கலத்துக்கு வெளியே போராடினார். அவர் உடையில் காற்றோட்டத்தால் மட்டுமே உடம்பைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருந்தது. கடுமையாக உழைத்த உடலின் வெப்பத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. நாடித்துடிப்பு எகிறியது, வியர்வை ஆறாய் ஓடியது, கவசக் கண்ணாடி முழுவதும் பனி படர்ந்து பார்வை போயிற்று. மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துச் சிறு இடைவெளி உண்டாக்கி அதன் வழியே பார்த்தார். செய்யப் போன சோதனையைக் கைவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

விண்வெளி குளிர்ந்தது, ஆகவே உடை சூடு தர வேண்டும் என்று பொதுவாக நினைக்கிறோம். நான் வகுப்பில் கேட்டபோதெல்லாம் மாணவர்கள் சொன்ன பதிலும் அதுவே. ஆனால் வெற்றிடத்தில் சூட்டை எடுத்துச்செல்லக் காற்று கிடையாது. நாம் டீ வாங்கப் போகும் ஃபிளாஸ்க்கில் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் டீயை ஆறாமல் காக்கிறது. விண்வெளி வீரரோ அந்த ஃபிளாஸ்க்குக்குள் உட்கார்ந்திருப்பவர். சும்மா இருக்கும் மனித உடலே ஏறத்தாழ நூறு வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. உழைத்தால் பல மடங்கு. அதை வெளியேற்றாவிட்டால், வெளியே எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் உள்ளே இருப்பவர் வெந்துபோவார்.

செர்னனின் அனுபவம் பாடமாகி, நிலவுக்கு ஆட்களை அனுப்பிய அப்போலோ காலத்திலிருந்து தண்ணீரால் குளிர்விக்கும் உள்ளுடை வந்தது. பனியன்போல் உடம்போடு ஒட்டிய அந்த உள்ளுடையில், ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய்களைக் கோத்திருப்பார்கள். குழாயில் ஓடும் தண்ணீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு முதுகுப் பெட்டிக்குப் போகும். அங்கே அந்தச் சூட்டை வெளியே தள்ளும் முறை, காருகுறிச்சி மண்பானை செய்யும் அதே வேலை. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது அல்லவா? பெட்டியிலும் நுண்துளைகள் கொண்ட ஓர் உலோகத் தகடு உண்டு. அதன் வழியே கசியும் நீர், வெற்றிடத்தைத் தொட்டதும் முதலில் பனிக்கட்டியாக உறைந்து, பிறகு அந்தப் பனிக்கட்டி உருகாமலேயே நேரே ஆவியாகி விண்வெளியில் கலந்துவிடுகிறது. போகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. இவ்வளவு நுட்பமான உடையின் அடியில் ஒரு பானைத் தத்துவம் இருப்பதைப் பேரனுக்குச் சொன்னபோது, அவன் அடுக்களைக்குப் போய்ப் பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

தண்ணீரைத் தலைக்கருகே கொண்டுபோவதில் ஆபத்தும் உண்டு. 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூகா பர்மிதானோ வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது, பெட்டியிலிருந்த நீர்பிரிப்பானில் அடைப்பு ஏற்பட்டு, ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் அவர் தலைக்கவசத்துக்குள் புகுந்துவிட்டது. எடையற்ற இடத்தில் தண்ணீர் கீழே வடியாது. கூழ்போல் முகத்தில் படர்ந்து மூக்கையும் கண்ணையும் மூடியது. பார்வை மங்கிய நிலையில், கலத்தோடு தம்மைப் பிணைத்திருந்த கயிற்றின் இழுப்பை வைத்தே வழி கண்டுபிடித்துத் திரும்பினார். அதன் பிறகு கவசத்துக்குள் ஈரம் உறிஞ்சும் பஞ்சு அட்டையும், மூச்சுவிட உதவும் ஒரு குழலும் வைக்கத் தொடங்கினார்கள்.

மறுநாள் உடையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. வெட்டிய நாடாவுக்காக முன்பணத்தில் ஐம்பது ரூபாய் பிடிக்கக் கூடும் என்று நினைத்தேன், பிடித்தார். ஆனால் நான் அங்கே நிற்கும்போதே கவசத்தை எடுத்து, காதுக்கருகே இருபுறமும், பின்புறமும், வாய்க்குக் கீழேயும் சூட்டுக்கோலால் விரல் அகலத் துளைகள் போட்டார். மூன்று கவசங்களிலும் போட்டு முடிக்கும் வரை என்னை விடவில்லை. கழுத்து ஜிப்பை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைக்கும்படி சொன்னேன். ஒரு வாரத்தில் மாற்றிவிட்டார், நேரில் போய்ப் பார்த்தேன். இருந்தாலும் பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோர், இந்தக் கடை என்றில்லை, எந்தக் கடையில் எடுத்தாலும், கவசத்தில் துளை இருக்கிறதா, பிள்ளை தானே அதைக் கழற்ற முடிகிறதா என்ற இரண்டையும் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். மேடைக்குப் போகும் நிமிடத்தில் மாட்டினால் போதும். வரிசையில் நிற்கும்போது கையில் வைத்திருக்கட்டும். உள்ளே பனியன் மட்டும் போடுவது நல்லது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தையலுக்கும் தோற்றத்துக்கும் ஐந்துக்கு நான்கரை, கையுறைக்கு ஒன்று, நான் எடுத்த நாளில் கவசத்துக்குச் சுழி, இப்போது மூன்று. மூன்று உடைகளில் சிறியது எட்டு வயது வரைக்கும், நடுத்தரம் பதினொன்று வரைக்கும் சரியாக இருக்கும். ஆகஸ்ட் மாதத்திலும் ஆண்டு விழாக் காலத்திலும் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். அசல் உடையில் கழுத்து வளையம் மறைப்பதால் வீரரால் தம் மார்பிலிருக்கும் சுவிட்சுகளைக் குனிந்து பார்க்க முடியாது. அதற்காக மணிக்கட்டில் ஒரு சிறு கண்ணாடி கட்டியிருப்பார்கள். மார்பில் உள்ள எழுத்துகள் அந்தக் கண்ணாடியில் நேராகத் தெரியும்படி இடம்வலம் மாற்றி எழுதப்பட்டிருக்கும். அண்ணாச்சி ஒரு கணம் யோசித்தார். "ஆம்புலன்ஸ் வண்டி முன்னால எழுதுத மாதிரியா சார்வாள்?" என்றார். அதேதான் என்றேன். மேசை இழுப்பறையில் தேடி, குங்குமச் சிமிழ் ஒன்றின் மூடியிலிருந்த வட்டக் கண்ணாடியைப் பெயர்த்தெடுத்து மணிக்கட்டு நாடாவில் வைத்துப் பார்த்தார். 'ஆக்சிஜன்' என்பதைத் தலைகீழாக எழுதச் சொல்கிறேன் என்று முதலில் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு அட்டையை வீணாக்கினார்; இரண்டாவது அட்டை சரியாக வந்தது. இப்போது மூன்று உடைகளிலும் கண்ணாடி இருக்கிறது. வாடகை 500 ரூபாய்.